அஸித்ரோமைசின் ஒரே வேளையா, டாக்ஸி 7 நாளா? (கிளமிடியா என்ற பால்வினை நோய்க்கான சிகிச்சை)

கேள்வி, 2025 மார்ச் 2

"எனக்கு கிளமிடியா பாசிட்டிவ் வந்திருக்கிறது. டாக்டர் டாக்ஸிசைக்ளின் 100 மி.கி., காலையும் இரவும், 7 நாள் எழுதிக் கொடுத்தார். சில வருஷம் முன்னால் என் நண்பனுக்கு இதே நோய்க்கு அஸித்ரோமைசின் இரண்டு மாத்திரை, ஒரே வேளை, அத்தோடு சரி. மெடிக்கலில் விசாரித்தால் அஸித்ரோவே போதும் என்று எடுத்து நீட்டுகிறார்கள். ஒரே வேளையில் தீர்வதற்கு 14 மாத்திரை எதற்கு? மாற்றிக்கொள்ளலாமா?"

மார்ச் 2, இரவு

மாற்ற வேண்டாம். எழுதிக் கொடுத்த டாக்ஸியையே முழுசாகப் போடுங்கள்.

நான் மருந்தாளுநர். கொங்குப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில் பால்வினை நோய்ப் பிரிவுக்கு மருந்து கொடுத்த கவுண்டரில் இருந்தவள். இப்போது சொந்தமாகச் சின்ன மெடிக்கல் நடத்துகிறேன். டாக்டர் இல்லை. அதனால் உங்கள் சீட்டைத் திருத்தும் வேலையை நான் செய்ய மாட்டேன். உங்கள் மெடிக்கல்காரரும் செய்யக்கூடாது.

உங்கள் நண்பருக்குக் கொடுத்ததும் அன்றைய முறைப்படி சரிதான். 1992இல் வந்த ஆய்வு ஒன்று, அஸித்ரோ 1 கிராம் ஒரே வேளையும் டாக்ஸி 7 நாளும் ஏறத்தாழ சமம் என்று காட்டியது. அதற்குப் பிறகு ரொம்ப காலம் இரண்டையும் ஒரே வரிசையில்தான் வைத்திருந்தார்கள். பிரிட்டன் 2018இல் டாக்ஸியை முதல் மருந்தாக்கியது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 2021இல் அதே முடிவுக்கு வந்தது. காரணத்தை நாளைக்கு எழுதுகிறேன், கடை சாத்தும் நேரம்.

மார்ச் 3

காரணம்.

கிளமிடியா நம் உடம்பின் செல்லுக்குள் புகுந்து அங்கேயே பெருகும் கிருமி. வெளியே அலையும்போது அது விதை மாதிரி இறுகிய ஒரு வடிவம். உள்ளே போனதும் விரிந்து, பிரிந்து, மறுபடி இறுகி, செல்லை உடைத்துக்கொண்டு வெளியே வரும். ஒரு சுற்று முடிய இரண்டு மூன்று நாள் ஆகும். மருந்து செல்லுக்குள் போக வேண்டும், அந்தச் சுற்று முடியும் வரை அங்கே இருக்கவும் வேண்டும். அஸித்ரோ திசுவில் சேர்ந்துகொண்டு மெதுவாகத்தான் இறங்கும். இரத்தத்தில் பாதியாகக் குறையவே 68 மணி நேரம் போல ஆகிறது. ஒரே வேளை போதும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை அதுதான். டாக்ஸியும் செல்லுக்குள் நன்றாகப் போகும், ஆனால் சீக்கிரம் குறைந்துவிடும். அதனால்தான் 7 நாளும் இரண்டு வேளை.

நடைமுறையில் என்ன ஆனது? லாஸ் ஏஞ்சல்ஸ் சிறார் சீர்திருத்தக் காவல் மையங்களில் நடந்த ஓர் ஆய்வு 2015இல் வந்தது. டாக்ஸி தரப்பில் கணக்கில் எடுத்த 155 பேரில் ஒருவருக்குக்கூட மருந்து தோற்கவில்லை. அஸித்ரோ தரப்பில் 155 பேரில் 5 பேருக்குத் தோற்றது. சிறுநீர்ப் பாதையில் இவ்வளவுதான் வித்தியாசம், பெரிது இல்லை. ஆசனவாயில் கிளமிடியா இருந்த ஆண்களை வைத்து ஆஸ்திரேலியாவில் செய்த ஆய்வு 2021இல் வந்தது. டாக்ஸி 96.9 சதவீதம், அஸித்ரோ 76.4 சதவீதம். நாலில் ஒருவருக்குப் போகவில்லை என்றால் அதைச் சமம் என்று எப்படிச் சொல்வது?

"நமக்கு அந்தப் பழக்கம் இல்லையே" என்று சொல்லிவிட முடியாது. பிறப்புறுப்பில் கிளமிடியா உள்ள பெண்களில் பலருக்கு ஆசனவாயிலும் அது இருக்கிறது. ஆசனவாய் உறவே இல்லாதவர்களுக்கும் இருக்கிறது. அங்கே மிஞ்சினால் முன்பக்கம் மறுபடி வரலாம் என்ற சந்தேகம் ஆய்வாளர்களுக்கு உண்டு. எந்த இடத்தில் இருந்தாலும் கேட்கும் மருந்தை முதலில் வைப்பது நியாயம்தானே.

இன்னொரு காரணமும் உண்டு. மைக்கோபிளாஸ்மா ஜெனிடாலியம் என்று ஒரு கிருமி, அதே எரிச்சல், அதே கசிவு. கிளமிடியாவுக்கு என்று கொடுத்த ஒரு வேளை அஸித்ரோ அதைக் கொல்லாமல், மருந்துக்கு அடங்காதபடி பழக்கிவிடுகிறது. பிரிட்டன் மாறியதற்கு இது முக்கியமான காரணம்.

மார்ச் 3, பிற்பகல்

மேலே எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். அந்த 2015 ஆய்வில் மாத்திரை ஒவ்வொன்றையும் கண் முன்னால் விழுங்கவைத்தார்கள். காவல் மையம், 14 மாத்திரையும் உள்ளே போனது உறுதி. வெளியுலகம் அப்படி இல்லை.

எங்கள் கவுண்டருக்கு வந்தவர்களில் லாரி ஓட்டுநர்கள் நிறைய. சரக்கு ஏற்றினால் நாக்பூர், அங்கிருந்து இந்தூர், எப்போது சாப்பாடு எப்போது தூக்கம் என்று அவருக்கே தெரியாது. அவரிடம் 14 மாத்திரை கொடுத்தால் பாதி அட்டை டேஷ்போர்டில் வெயிலில் கிடக்கும். நாங்கள் அஸித்ரோவை அங்கேயே தண்ணீர் கொடுத்துப் போடவைப்போம். விழுங்கினதைப் பார்த்த பிறகுதான் அடுத்த பேச்சு. அந்த ஆளுக்கு அன்றைக்கு அதுதான் நல்ல சிகிச்சை என்று இன்றும் நம்புகிறேன்.

ஆக, மருந்து எது சிறந்தது என்பது ஒரு கேள்வி, யார் வாயில் எது முழுசாகப் போகும் என்பது இன்னொரு கேள்வி. உங்களால் ஒரு வாரம் ஒழுங்காகப் போட முடியும் என்றால் டாக்ஸியை விடாதீர்கள்.

மார்ச் 4

"பாலோடு போடலாமா, டீயோடு போடலாமா, வயிற்றைப் புரட்டுகிறது." மூன்று பேர் கேட்டாயிற்று.

தண்ணீரோடு. ஒரு பெரிய டம்ளர் முழுசாக. சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் புரட்டல் குறையும். பால், தயிர் கொஞ்சம் உறிஞ்சுதலைக் குறைக்கும், அதனால் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அதைவிடக் கவனிக்க வேண்டியது நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கிற ஜெல், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை. இவை டாக்ஸியைப் பிடித்துக்கொண்டு கூடவே வெளியே போய்விடும். இரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை போடுகிற பெண்கள் நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர். டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், இரண்டுக்கும் நடுவே சில மணி நேரம் இடைவெளி வேண்டும்.

மாத்திரை போட்ட உடனே படுக்கக்கூடாது. அரை மணி நேரமாவது உட்கார்ந்திருங்கள் அல்லது நடங்கள். இரவு மாத்திரையை வாயில் போட்டு ஒரு மடக்குத் தண்ணீரோடு பாயில் சாய்கிறவர்களுக்கு அது உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். மறுநாள் எச்சில் விழுங்கவே வலிக்கும். அப்படி வலியோடு வந்து "இந்த மருந்து எனக்கு ஒத்துக்கலைங்க" என்று பாதியில் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இரவு மாத்திரையைச் சாப்பாட்டோடு முன்னுக்கு இழுத்துக்கொண்டால் தீர்ந்தது.

வெயில். டாக்ஸி போடும்போது தோல் சீக்கிரம் கருகும், சிவந்து எரியும். பங்குனி வெயிலில் பைக்கில் போகிறவர்கள் முழுக்கை போட்டுக்கொள்ளுங்கள்.

மது பற்றித் தனிச் செய்தியில் கேட்டவருக்கு: தினமும் குடிக்கிறவர் உடம்பில் டாக்ஸி சீக்கிரம் குறைந்துவிடும். ஒரு வாரம்தானே, நிறுத்தி வையுங்கள்.

மார்ச் 5

கர்ப்பிணிகளுக்கு டாக்ஸி இல்லை. நாலாவது மாதத்துக்கு மேல் குழந்தையின் பல்லிலும் எலும்பிலும் படியும் என்பதால் ஒதுக்கிவிடுகிறார்கள். அவர்களுக்கு அஸித்ரோ 1 கிராம்தான் முதல் மருந்து. அது முடியாதபோது அமாக்ஸிசிலின் 7 நாள். நாள் தள்ளிப்போயிருந்தால் மாத்திரையைத் தொடுவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள். கவனிக்காமல் விட்ட கிளமிடியா பிரசவத்தின்போது குழந்தையின் கண்ணுக்கும் நுரையீரலுக்கும் போகும்.

கண் என்றதும் நினைவு வருகிறது. ட்ரக்கோமா என்று கண்ணைக் குருடாக்குகிற நோய், அதுவும் இதே கிருமியின் வேறு வகையால் வருவது. அதை ஒழிக்க உலகம் முழுக்க ஊர் ஊராகக் கொடுத்த மருந்து அஸித்ரோ. இந்தியாவில் அது இனி பொதுச் சுகாதாரப் பிரச்சினை இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2024 அக்டோபரில் அறிவித்தது. அஸித்ரோவைக் குறைத்துப் பேசுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இருமல், சளி, தலைவலி எதற்கும் அதையே எடுத்துக் கொடுக்கிற பழக்கத்தின் மேல்தான் எனக்குக் கோபம். 2019 கணக்குப்படி இந்தியாவிலேயே அதிகம் செலவான ஆன்டிபயாடிக் மாத்திரை அஸித்ரோமைசின் 500. அடுத்தது செஃபிக்ஸிம் 200. இரண்டுமே இந்த நோய்களுக்கு நாம் நம்பி வைத்திருக்கிற மருந்துகள்.

மார்ச் 7

"மூணாவது நாளே எரிச்சல் போயிடுச்சு, மிச்சத்தை எடுத்து வைக்கலாமா?"

கூடாது. எரிச்சல் நின்றால் அழற்சி தணிந்திருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். கிளமிடியா வந்த பெண்களில் பெரும்பாலானவர்களுக்கும், ஆண்களில் பலருக்கும் தொடக்கத்திலிருந்தே ஒரு தொந்தரவும் இருப்பதில்லை. அறிகுறியை வைத்து இந்தக் கிருமி இருக்கிறதா போனதா என்று அளக்க முடியாது.

இதற்கு நேர் எதிராக இன்னொருவர், 7 நாளும் முடித்தும் எரிச்சல் இருக்கிறது என்று மறு வாரமே திரும்பச் சோதனை செய்து பாசிட்டிவ் வந்து பயந்துபோயிருக்கிறார். பயப்பட வேண்டாம். அந்தச் சோதனை கிருமியின் மரபுப்பொருளைத் தேடுகிறது. செத்த கிருமியின் மிச்சம்கூட அதில் பாசிட்டிவ் காட்டும். சிகிச்சை முடிந்து 4 வாரத்துக்குள் செய்கிற சோதனையை நம்பக்கூடாது. எரிச்சல் நிஜமாகவே நீடித்தால் டாக்டரிடம் போங்கள்: மைக்கோபிளாஸ்மாவாக இருக்கலாம், ட்ரைக்கோமோனஸ் என்ற வேறொரு கிருமியாக இருக்கலாம், கொனோரியா என்ற இன்னொரு பால்வினை நோய் கூடவே இருந்திருக்கலாம். எல்லாவற்றையும்விட அதிகம் நடப்பது, சிகிச்சை எடுக்காத துணையிடமிருந்து மறுபடி வந்திருப்பது.

சோதனைக்குச் சிறுநீர் கொடுக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். சாதாரண யூரின் கல்ச்சருக்கு நடுவில் வருகிறதைப் பிடிக்கச் சொல்வார்கள். இதற்கு அப்படி இல்லை, முதலில் வருகிற 20, 30 மில்லிதான் வேண்டும், அதற்கு முன் ஒரு மணி நேரமாவது சிறுநீர் கழித்திருக்கக்கூடாது. லேபில் இருப்பவரே சில சமயம் பழக்கதோஷத்தில் நடு சிறுநீரைக் கேட்கிறார். பெண்களுக்குச் சிறுநீரைவிட, பிறப்புறுப்பிலிருந்து தானே எடுத்துக் கொடுக்கும் பஞ்சுக்குச்சி மாதிரியில் நன்றாகத் தெரியும்.

மார்ச் 9

மேலே துணை என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டுப் போனேன். நிஜத்தில் இந்த நோயின் சிகிச்சை தோற்பது அந்த இடத்தில்தான். அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

கவுண்டரில் அடிக்கடி நடந்தது இது. ஆள் வருவார். முதலில் "சார் யாரும் இல்லீங்களா?" என்பார். நான்தான் என்றதும் சீட்டைத் திருப்பி வைத்து நீட்டுவார். மருந்து வாங்கி, தண்ணீர் குடித்து, போகிற மாதிரி போய்த் திரும்பி வருவார். "அக்கா, வீட்டுல அவளுக்கும் ஒரு செட்டு குடுங்க. சத்து மாத்திரைன்னு சொல்லிக் குடுத்துக்கறேன்." சிலர் பூச்சி மாத்திரை என்பார்கள்.

அந்த ஆள் கெட்டவர் என்று நான் நினைத்ததில்லை. மனைவிக்கு மருந்து போக வேண்டும் என்ற அக்கறை இருப்பதால்தான் கேட்கிறார். ஆனால் அந்தப் பெண் யார்? நாள் தள்ளிப்போயிருக்கிறாளா? இரும்பு மாத்திரை போடுகிறாளா? எந்த மருந்தாவது அவளுக்கு ஒவ்வாதா? அடிவயிற்றில் வலி இருக்கிறதா? வலி இருந்தால் கிருமி கருக்குழாய் வரை ஏறியிருக்கலாம். அப்போது ஒரு வாரம் போதாது, 14 நாள், வேறு மருந்துகளும் சேர்த்து. சத்து மாத்திரை என்று நினைக்கிறவள் வலியைப் பற்றி யாரிடம் சொல்வாள்? எச்.ஐ.வி., சிபிலிஸ் பரிசோதனை அவளுக்கு யார் செய்வது? ஒரு வாரம் கணவன் விலகிப் படுத்தால் அதற்கு அவள் என்ன காரணம் நினைத்துக்கொள்வாள்?

ஒன்றும் தெரியாமல் விட்ட கிளமிடியா கருக்குழாயை அடைத்துவிடும். பல வருஷம் கழித்து, குழந்தை இல்லை என்று கோயில் குளம் ஏறி, கருத்தரிப்பு மையத்தில் கடன் வாங்கிக் கட்டி, ஊரார் பேச்சை எல்லாம் அவளே வாங்கிக்கொள்வாள். தனக்கு என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவளுக்கு உண்டு. நான் மறைத்துக் கொடுக்க மறுப்பேன். ஆலோசகரிடம் கூட்டிப்போய் உட்காரவைப்பேன்.

மார்ச் 10

நேற்று எழுதியதற்கு வந்த எதிர்ப்பு: "சொன்னால் குடும்பம் உடையும். மறுத்து அனுப்பினால் அவர் சொல்லவும் மாட்டார், அவளுக்கு மருந்தும் போகாது. அமெரிக்காவில் துணையைப் பார்க்காமலே மருந்து கொடுத்தனுப்புகிறார்களே?"

பாதி சரி. அங்கே அப்படி ஒரு முறை இருக்கிறது. சியாட்டில் பக்கம் நடந்த ஆய்வு 2005இல் வந்தது; மருந்தைத் துணைக்குக் கொடுத்தனுப்பியவர்களிடம் நோய் திரும்ப வருவது குறைந்தது. கொனோரியாவில் நன்றாகவே குறைந்தது, கிளமிடியாவில் கொஞ்சம்தான். ஆனால் அந்த மருந்தோடு இது இன்ன நோய்க்கு, கர்ப்பமாக இருந்தால், வயிற்று வலி இருந்தால் டாக்டரைப் பாருங்கள் என்று எழுதிய தாளும் போகிறது. வாங்குகிறவருக்கு எதை விழுங்குகிறோம் என்று தெரியும். சத்து மாத்திரை என்று சொல்லிக் கொடுப்பது அது ஆகாது.

மறுத்துவிட்டால் அவளுக்கு ஒன்றும் கிடைக்காமல் போகும் என்பதும் உண்மை. அது என்னை உறுத்தாத நாள் இல்லை. எங்கள் ஆலோசகர் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். "நீங்க என்ன பண்ணீங்கன்னு வீட்டுல சொல்ல வேண்டாம். எனக்கு ஒரு தொற்று இருக்கு, ரெண்டு பேரும் சேர்ந்து மருந்து எடுத்தாத்தான் போகும்னு டாக்டர் சொன்னாருன்னு சொல்லுங்க. மிச்சத்தை நாங்க பார்த்துக்கறோம்." இதில் பொய் ஒன்றும் இல்லை. அவள் வந்து உட்கார்ந்த பிறகு அவள் கேட்கிற கேள்விக்குத் தனியாக, நேராகப் பதில் சொல்வார். பலர் கூட்டி வந்தார்கள், எல்லோரும் அல்ல.

மார்ச் 10, இரவு

இன்னும் ஒன்று. மேலே எல்லாம் ஆண் முதலில் வந்தால் என்ன என்றே எழுதியிருக்கிறேன். பெண் முதலில் வந்தால்?

மகப்பேறு பிரிவிலிருந்து அனுப்பிய பெண் ஒருத்தி. கணவனிடம் சொல்லுங்கள் என்றபோது எங்களை வெறித்துப் பார்த்தாள். அவன் கேட்கப்போவது ஒரே கேள்வி: "எவன்கிட்ட வாங்கிட்டு வந்தே?" அடி விழும் வீட்டில் சொல் என்று வற்புறுத்துவது சிகிச்சை ஆகாது. இந்த மாதிரி இடத்தில் கர்ப்பப் பரிசோதனையை ஒட்டிக் கணவனுக்கும் இரத்தம் எடுக்க வேண்டும் என்று மருத்துவமனையே வரச்சொல்லும். வந்த பிறகு டாக்டர் பேசுவார்.

அவன் அந்தக் கேள்வியைக் கேட்டால் பதில் இதுதான், எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள்: கிளமிடியா எப்போது வந்தது, யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது. மாதக்கணக்கில், சில சமயம் வருஷத்துக்கு மேலும், சத்தமில்லாமல் இருக்கக்கூடிய கிருமி இது. கல்யாணத்துக்கு முன்னாலேயே வந்ததாக இருக்கலாம். முதலில் பரிசோதித்தவர் முதலில் வாங்கியவர் அல்ல. ஆண்களுக்கு இதைப் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னால் புரிகிறது. பார்த்திருக்கிறேன்.

மார்ச் 12

பாண்டிச்சேரி நண்பர்: "எனக்குச் சொன்னது கொனோரியா. அதற்கும் டாக்ஸி போதுமா?"

போதாது. அது முற்றிலும் வேறு கிருமி. ஆண்களுக்குச் சீழாகவே வடியும். ஊரில் வெட்டை என்பது பெரும்பாலும் இதைத்தான். இதற்கு இப்போது முதல் மருந்து செஃப்ட்ரியாக்ஸோன் ஊசி. அமெரிக்காவில் 2020 டிசம்பரிலிருந்து 500 மி.கி., பிரிட்டனில் 1 கிராம், இரண்டும் ஒரே ஊசி. கிளமிடியா இல்லை என்று உறுதியாகாவிட்டால் கூடவே டாக்ஸி 7 நாள். அந்த ஊசி கிளமிடியாவைக் கொல்லாது, டாக்ஸியை நம்பி கொனோரியாவை விட முடியாது. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்து இருப்பது சகஜம்.

கொனோரியா தன்னைக் கொல்ல வந்த மருந்தையெல்லாம் வரிசையாகத் தோற்கடித்திருக்கிறது. சல்ஃபா, பெனிசிலின், டெட்ராசைக்ளின். பிறகு சிப்ரோஃப்ளோக்ஸசின் வகை. அதை அமெரிக்கா 2007இல் கைவிட்டது. 2012இல் செஃபிக்ஸிம் மாத்திரையை முதல் வரிசையிலிருந்து இறக்கினார்கள். 2009இல் ஜப்பானின் கியோட்டோவில் செஃப்ட்ரியாக்ஸோனுக்கே அடங்காத கிருமி கிடைத்தது. 2018இல் பிரிட்டனில் ஒருவருக்கு வந்த கிருமி அந்த ஊசிக்கும் அடங்கவில்லை, அஸித்ரோவுக்கும் அடங்காத வகை. கடைசியில் எர்டாபெனம் என்கிற, பெரிய ஆஸ்பத்திரிகளில் ரத்தக்குழாய் வழியாக ஏற்றுகிற மருந்தைக் கொடுத்துத்தான் குணமாக்கினார்கள். ஸோலிஃப்ளோடசின், ஜெப்போடிடசின் என்று வாய்வழி எடுக்கிற புதிய மருந்துகளின் ஆய்வுகள் நல்ல முடிவு காட்டியிருப்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

இன்னமும் நம் ஊர் மெடிக்கலில் "ஒரு மாதிரி வடியுதுங்க" என்று மெதுவாகச் சொன்னால் சிப்ரோ ஒரு அட்டை வருகிறது. இந்தியாவில் சிப்ரோவுக்கு அடங்காத கொனோரியாதான் எங்கும். வடிவது கொஞ்ச நாளில் தானாகக் குறைந்தாலும் குறையும். ஆள் குணமாகிவிட்டேன் என்று நம்பி வீட்டுக்குப் போவார்.

கடைக்காரர்களுக்கு, நானும் கடைக்காரி என்ற முறையில்: செஃபிக்ஸிம், செஃப்ட்ரியாக்ஸோன் எச்1 பட்டியலில் இருக்கின்றன. சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடாது, நோயாளி பெயர், டாக்டர் பெயர் எழுதிய பதிவேட்டை 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். அட்டையில் இருக்கிற சிவப்புக் கோடு அழகுக்குப் போட்டது இல்லை. "பக்கத்துக் கடையில குடுக்கறாங்களே" என்று கோபித்துக்கொண்டு போகிறவர்கள் போகட்டும். பாதிப் பேர் திரும்பி வந்துவிடுகிறார்கள், சீட்டோடு.

மார்ச் 13

அரசு மருத்துவமனையில் கலர் கலராகப் பை கொடுத்தார்களே, அது என்ன என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் திட்டம். லேப் வசதி எல்லா ஊரிலும் இல்லை. ஆளை இன்று அனுப்பிவிட்டு ரிப்போர்ட் வந்த பிறகு கூப்பிட்டால் வர மாட்டார். அதனால் அறிகுறியை வைத்து, அதற்குக் காரணமாக இருக்கக்கூடிய கிருமிகள் எல்லாவற்றுக்கும் அன்றே மருந்து. நான் இருந்த காலத்தில் கசிவுக்குச் சாம்பல் நிறம்: அஸித்ரோ 1 கிராமும் செஃபிக்ஸிம் 400 மில்லிகிராமும். வெள்ளைப்படுதலுக்குப் பச்சை. புண்ணுக்கு வெள்ளை, அதில் பென்சதைன் பெனிசிலின் ஊசி. பெனிசிலின் ஒவ்வாதவருக்கு நீலம். ஹெர்பிஸ் கொப்புளத்துக்குச் சிவப்பு. பெண்ணின் அடிவயிற்று வலிக்கு மஞ்சள். தொடை இடுக்கில் நெறிகட்டு வீங்கினால் கறுப்பு, 21 நாள் டாக்ஸி. அதுவும் கிளமிடியாவின் ஒரு முரட்டு வகைக்குத்தான்.

மீண்டும் மஞ்சப்பை என்று ஊரெல்லாம் பேச்சு இருந்த சமயம், ஓட்டுநர் ஒருவர் சாம்பல் பையை வாங்கிக்கொண்டு, "ஏங்க, மஞ்சப்பை கொண்டுவந்தாத்தான் எங்கேயும் மரியாதைன்றாங்க, இங்கே மஞ்சப்பை குடுக்க மாட்டீங்களா?" என்றார். அது பொம்பளைங்களுக்குங்க என்றதும் அவர் சிரிப்பு அடங்கவே இல்லை. அன்று மனைவியை அழைத்து வருவதாகச் சொல்லிப்போனார். சொன்னபடி வந்தார்.

அந்த முறையில் குறை உண்டு. அறிகுறியே இல்லாதவரை அது பிடிக்காது. வெள்ளைப்படுதல் என்று வருகிற பெண்களில் நிறைய பேருக்குப் பால்வினை நோயே இருக்காது; கேண்டிடா என்ற பூஞ்சை இருக்கும், அல்லது யோனியில் இயல்பாக வாழும் கிருமிகளின் சமன் குலைந்திருக்கும். அவர்கள் தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் விழுங்கினார்கள், தேவையில்லாமல் கணவன்மேல் சந்தேகப்பட்டார்கள். ஆனாலும் கையில் மருந்தோடு அன்றே போனார்கள். அந்த நாளின் நெருக்கடிக்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

மார்ச் 16

லாட்ஜ் வைத்தியர்களைப் பற்றி எழுதச் சொன்னார்கள். மாதத்தில் இன்ன தேதி இன்ன ஊர் லாட்ஜில் என்று சுவரொட்டி ஒட்டி வருகிறவர்கள். சித்த மருத்துவத்தை முறையாகப் படித்தவர்களைச் சொல்லவில்லை, அவர்களே இந்த ஆட்களால் நொந்துபோயிருக்கிறார்கள். என் கண்ணில் பட்ட தீங்கு பணம் போனது மட்டும் இல்லை, காலம் போனது. மேகச் சூடு என்று மாதக்கணக்கில் பொடி தின்றுவிட்டு, விந்துக்குழாய் வீங்கி, நடக்க முடியாமல் வந்தவரைப் பார்த்தேன். அவருக்குத் தேவைப்பட்டது விலை மலிந்த ஒரு பழைய மாத்திரை.

வெட்கம்தான் அவர்களுக்கு முதலீடு. பெரியாஸ்பத்திரி வரிசையில் தெரிந்தவர் பார்த்துவிடுவார் என்ற பயம். பக்கத்து ஊர் மருத்துவமனைக்குப் போங்கள், யாரும் கேட்க மாட்டார்கள்.

மார்ச் 20

எங்கே போவது: மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் தோல், பால்வினை நோய்ப் பிரிவு உண்டு. சுகவாழ்வு மையம் என்று பலகை இருக்கும். சோதனை, மருந்து, ஆலோசனை இலவசம். அங்கேயே நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள், சிபிலிஸுக்கும் இரத்தம் கொடுங்கள். கிளமிடியா வந்த வழியில் அவையும் வந்திருக்கலாம். தொலைபேசியில் கேட்க 1097, கட்டணம் இல்லை.

ஏப்ரல் 6

முதலில் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். டாக்ஸி முழுசாக முடித்துவிட்டார். மனைவியிடம் சொல்லிவிட்டார். எப்படி எடுத்துக்கொண்டார் என்று அவர் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. மனைவிக்கும் பாசிட்டிவ், அறிகுறி ஒன்றும் இல்லை, அவருக்கும் 7 நாள் முடிந்தது. எனக்கு நிஜமாகவே சந்தோஷம்.

இப்போது அவர் கேட்பது: "4 வாரம் கழித்துப் பார்த்து நெகட்டிவ் என்றால் 3 மாதச் சோதனையை விட்டுவிடலாமா?"

விட வேண்டாம். இரண்டும் தேடுவது வேறு வேறு. 4 வாரத்தில் பார்ப்பது மருந்து வேலை செய்ததா என்று. டாக்ஸியை ஒழுங்காகப் போட்டவர்களுக்கு அது கட்டாயம் இல்லை; கர்ப்பிணிகளுக்குக் கட்டாயம். 3 மாதத்தில் பார்ப்பது மறுபடி வந்திருக்கிறதா என்று, அது எல்லோருக்கும் உண்டு. மறுதொற்று இந்த நோயில் சர்வசாதாரணம், பெண்ணுக்கு ஒவ்வொரு தடவை வரும்போதும் கருக்குழாய்க்கு ஆபத்து ஏறுகிறது. இருவரும் ஜூன் கடைசியில் ஒரே நாளில் போய்க் கொடுங்கள். உங்கள் மாதிரி முதல் சிறுநீர், ஒரு மணி நேரம் அடக்கிய பிறகு. அவருக்குப் பஞ்சுக்குச்சி.

ஏப்ரல் 6, சற்று பின்

கேட்க மறந்தாராம்: இடையில் உறவு வைத்துக்கொள்ளலாமா? இருவரில் கடைசியாக மாத்திரை தொடங்கியவரும் தன் 7 நாளை முடித்துவிட்டார், எரிச்சல், வலி எதுவும் இல்லை என்றால் வைத்துக்கொள்ளலாம். அஸித்ரோ ஒரே வேளை போட்டவர்களுக்கும் அதே 7 நாள்தான், மாத்திரை விழுங்கிய நாளிலிருந்து.